அரசா, மக்களா? வழக்காடும்போது நாம் சறுக்கும் இடங்கள்

நாடு கெட்டுப்போனதற்கு யார் காரணம் என்று வேலூர் டீக்கடையில் பேச்சு எழுந்தால் உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். "அரசன் எவ்வழி, குடிகள் அவ்வழி" என்பார் ஒருவர். "காசு வாங்கிக்கொண்டு ஓட்டுப் போட்டால் இப்படித்தான்" என்பார் மற்றவர். டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

பெரிய சறுக்கல், "அரசு", "மக்கள்" என்று மொத்தமாகப் பேசுவது. பாலாற்றைப் பாருங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் ஆலைகளின் கழிவால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவுக்கோ பாழாகிவிட்டதாக 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு குறிப்பிடுகிறது. இதில் "மக்கள்" யார்? கழிவைத் திறந்துவிட்ட முதலாளியா, சுண்ணாம்புத் தொட்டியருகே நின்று கூலி வாங்கிய தொழிலாளியா, கிணறு உப்பாகிப்போன விவசாயியா? மூவரையும் ஒரே மூட்டையில் கட்டினால் முதலாமவர் நழுவிவிடுகிறார். அந்த வழக்கைத் தொடுத்ததும் வேலூர்க் குடிமக்கள் அமைப்புதான். அரசும் அப்படியே: சட்டம் இயற்றுவது ஒரு கை, ஆலைக்கு அனுமதி கொடுப்பது ஒரு கை, கண்காணிப்பது இன்னொரு கை. எந்தக் கை சோம்பியது என்று கேட்க வேண்டும். கேட்காததன் விலையைப் பாருங்கள்: அதே பாலாற்று மாசுக்காக, இழப்பீடு கொடு, ஆற்றைச் சீராக்கு என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது.

அடுத்தது, "இரண்டு கை தட்டினால்தான் ஓசை" என்று பழியைச் சரிபாதியாகப் பிரிப்பது. நியாயம்போலத் தோன்றும்; எனக்கு இதுதான் அதிக எரிச்சல். 1996 தீர்ப்பு அப்படிப் பிரிக்கவில்லை. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்றது. 2019 ஏப்ரலில் பணம் பிடிபட்டதால் வேலூர் மக்களவைத் தேர்தலே ரத்தாகி, ஆகஸ்ட் 5 அன்றுதான் வாக்குப்பதிவு நடந்தது. ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம்தான். அதற்காகக் கட்டுக்கட்டாகப் பதுக்கியவரையும், அதில் ஒரு நோட்டுக்குக் கை நீட்டிய கூலித் தொழிலாளியையும் ஒரே தராசில் நிறுத்த முடியுமா?

அரசின் வேலையா, நம் வேலையா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதும் வீண். சுற்றுச்சூழலைக் காப்பது அரசின் பொறுப்பு என்றும் குடிமகனின் கடமை என்றும் அரசமைப்பில் எழுதிவைத்தது ஒரே திருத்தம்தான், 1976இல்.

காட்பாடியில் எங்கள் தெருச் சாக்கடையை இரண்டு பேர் தூர் வாரினார்கள். கறுப்புச் சேற்றைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போனார்கள். அள்ளிப்போக டிராக்டர் வரவில்லை. மூன்றாம் நாள் மழையில் பாதிச் சேறு மறுபடி உள்ளே. எதிர்வீட்டு அண்ணன் அரசைத் திட்டிக்கொண்டே, குடித்து முடித்த காகிதக் கோப்பையை அதே சாக்கடையில் போட்டார். நான் டிராக்டர் எப்போது வரும் என்று கேட்கத் தொலைபேசியை எடுத்தேன். அவர் கோப்பையைப் பற்றி அவரிடம் கேட்க மட்டும் எனக்கு வாய் வரவில்லை.