ப்ளூ பேயில் முதல் தடவை மாஸ்க் போட்டு மிதப்பது எப்படி?

தமிழ்நாட்டிலிருந்து மொரீசியஸுக்கு வரும் எங்கள் சொந்தக்காரர்கள் பெரும்பாலும் கரையில் கால் நனைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய குறை. விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே ப்ளூ பே இருக்கிறது. 353 ஹெக்டேர் கடற்பூங்கா, 2008-இல் முக்கிய ஈரநிலங்களின் உலகப் பட்டியலான ராம்சாரிலும் சேர்ந்தது. தூரத்தில் பவளத்திட்டு அலையைத் தடுத்துவிடுவதால் உள்ளே தண்ணீர் குளம் போலக் கிடக்கும். இதைத்தான் இங்கே லகோன் என்கிறோம்.

முதலில் நேரம். காலையிலேயே போய்விடுங்கள், காற்று எழும்புவதற்குள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று பலமாக வீசும், தண்ணீரும் சில்லென்று இருக்கும். இங்கே கோடை என்பது நவம்பர் முதல் ஏப்ரல் வரை; அப்போது புயல் எச்சரிக்கை வந்தால் கடல் பக்கமே வேண்டாம்.

அடுத்து மாஸ்க், அதாவது கண்ணையும் மூக்கையும் மூடும் நீர்க்கண்ணாடி. வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக மூச்சை இழுங்கள். கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டி நின்றால் அது உங்கள் அளவு. ஓரத்தில் முடி சிக்கியிருந்தால் தண்ணீர் கசியும். மீசை அடர்த்தியாக இருப்பவர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. கண்ணாடியின் உள்பக்கம் எச்சில் தடவி, கடல்நீரில் ஒருமுறை அலசினால் பனி படராது.

இப்போது மூச்சு. இதற்கு மட்டும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள், அவசரமே வேண்டாம். இடுப்பளவு தண்ணீரில் மணல் மேல் நின்று, ஸ்நார்க்கல் என்னும் மூச்சுக் குழாயைப் பல்லால் கவ்வி, முகத்தை மட்டும் தண்ணீருக்குள் வையுங்கள். மூக்கு அடைபட்டிருப்பதால் உடம்பு பதறும். பதறட்டும். வாயால் மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். பத்துப் பன்னிரண்டு மூச்சில் தோள் தானாக இறங்கும். குழாயில் தண்ணீர் புகுந்தால், ஊதுகுழலில் அடுப்பு ஊதுவதுபோல ஒரே மூச்சில் பலமாக ஊதினால் வெளியேறிவிடும். அப்புறம் துணைக்கு வந்தவர் கையைப் பிடித்துக்கொண்டு கால்களைத் தூக்குங்கள். உப்புத் தண்ணீர் உங்களைத் தாங்கும். நீச்சல் தெரியாதவர்கள் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இறங்கக் கூடாது. தெரிந்தவர்களும் தனியாகப் போக வேண்டாம், மிதவைக் கயிற்றைத் தாண்ட வேண்டாம். படகுகள் ஓடும்.

சரி, மிதக்க வந்துவிட்டதா? கீழே பாருங்கள். மூளை மடிப்பைப் போன்ற பெரிய பவளம் ஒன்று இங்கே பேர்போனது. கண்ணாடி அடித்தளப் படகுக்காரர்கள் காட்டுவார்கள். எதன் மேலும் நிற்காதீர்கள், தொடாதீர்கள். பவளம் உயிருள்ளது. அதோடு, கல்லோடு கல்லாகக் கிடக்கும் கல்மீனின் முள்ளில் கடும் விஷம். ரப்பர் செருப்பு போட்டே இறங்குங்கள். குத்திவிட்டால் காலைத் தாங்கக்கூடிய சூட்டு வெந்நீரில் வைத்து, உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பவளத்தைத் தொடாதீர்கள் என்று இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. 2020 ஜூலையில் வகாஷியோ என்ற கப்பல், ப்ளூ பேக்குப் பக்கத்திலுள்ள புவாந்த் தெனி அருகே தரைதட்டி, அடுத்த மாதம் எண்ணெய் கசிந்தபோது, மக்கள் கரும்புச் சோகையைத் துணிப்பையில் திணித்து மிதவை கட்டி இந்தக் கடலைக் காக்க இறங்கினார்கள்.

முதுகு வெயிலில் வெந்துபோகும், முழுக்கைச் சட்டை போடுங்கள். முதல் நாளுக்கு இருபது நிமிடம் போதும். கரையேறியதும் வாயெல்லாம் உப்புக் கரிக்கும். தண்ணீர் குடித்துவிட்டு, சூடாகக் காத்தோ பிமான் வாங்கிச் சாப்பிடுங்கள். பேர்தான் வேறு, அது நம் பருப்பு வடையேதான்.