யூஎம், யூஐஎம்: அமெரிக்கக் கார் பாலிசியில் பலர் பார்க்காமல் விடும் இரண்டு வரிகள்

அமெரிக்காவில் கார் வாங்கிய கையோடு எல்லோரும் எடுப்பது லயபிலிட்டி இன்ஷூரன்ஸ். சட்டம் கேட்பதும் பெரும்பாலும் அதைத்தான். ஆனால் அது நீங்கள் இடித்து அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கானது. உங்களை ஒருவர் இடித்தால், பணம் அவருடைய பாலிசியிலிருந்து வர வேண்டும். அவரிடம் பாலிசியே இல்லை என்றால்? இன்ஷூரன்ஸ் ரிசர்ச் கவுன்சிலின் 2023 கணக்குப்படி, ஓட்டுநர்களில் 15.4 சதவீதம் பேருக்கு இன்ஷூரன்ஸ் இல்லை. வழக்குப் போட்டு ஜெயிக்கலாம், ஆனால் இன்ஷூரன்ஸ் கட்டவே பணமில்லாதவரிடம் வசூலிக்க என்ன இருக்கப்போகிறது?

அதற்குத்தான் அன்இன்ஷூர்டு மோட்டாரிஸ்ட், சுருக்கமாக யூஎம். இடித்தவரிடம் பாலிசி இருந்தும் தொகை போதாவிட்டால் அண்டர்இன்ஷூர்டு, அதாவது யூஐஎம். இரண்டிலும் பணம் தருவது உங்கள் சொந்தக் கம்பெனி. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இங்கே கலிஃபோர்னியாவை முதன்மையாக வைத்து, டெக்சாஸ் வேறுபடும் இடங்களையும் சொல்கிறேன்.

படி 1: டிக்ளரேஷன்ஸ் பேஜை எடுங்கள்

காரில் வைத்திருக்கும் ஐடி கார்டு போதாது. கம்பெனி ஆப்பில் பாலிசி டாக்குமெண்ட்ஸ் பகுதியில் டிக்ளரேஷன்ஸ் பேஜ், அதாவது பாலிசியில் என்னென்ன எவ்வளவுக்கு இருக்கிறது என்ற சுருக்கப் பக்கம், பிடிஎஃப் ஆக இருக்கும். அதில் பாடிலி இஞ்சுரி (நீங்கள் இடித்து அடுத்தவருக்கு ஆகும் காயம்) என்ற வரியில் 30/60 என்று இருந்தால், காயமடைந்த ஒருவருக்கு அதிகபட்சம் 30,000 டாலர், ஒரு விபத்தில் எல்லோருக்கும் சேர்த்து 60,000. கலிஃபோர்னியாவின் குறைந்தபட்சம் 2025 ஜனவரி 1 முதல் 30/60/15. கடைசி எண் பொருள் சேதத்துக்கு. அதற்கு முன் பல பத்தாண்டுகளாக வெறும் 15/30/5தான். டெக்சாஸில் 30/60/25. ஃப்ளோரிடாவில் நிலைமை இன்னும் மோசம்: பெரும்பாலான ஓட்டுநர்கள் பாடிலி இஞ்சுரி எடுக்க வேண்டிய கட்டாயமே இல்லை. அங்கே இருப்பவர்கள் இந்தப் பதிவை இரண்டு முறை படியுங்கள்.

அதே பக்கத்தில் யூஎம் வரியைத் தேடுங்கள். ‘ரிஜெக்டட்’ என்றோ ‘டிக்ளைன்டு’ என்றோ இருந்தால், அல்லது அந்த வரியே இல்லை என்றால், உங்களுக்கு அது கிடையாது.

‘நான் வேண்டாம் என்று சொல்லவே இல்லையே’ என்பீர்கள். கலிஃபோர்னியாவிலும் டெக்சாஸிலும் எழுத்தில் மறுத்தால்தான் இதை நீக்க முடியும். ஆன்லைனில் பாலிசி எடுக்கும்போது பத்துப் பக்கத்தை மொத்தமாக ஈ-சைன் செய்யச் சொல்வார்கள் அல்லவா, அந்த மறுப்புக் கடிதம் அதில் ஒரு பக்கமாக இருந்திருக்கும். விலை குறைவாகத் தெரிய வேண்டும் என்று கோட் (விலை மதிப்பீடு) போடும்போதே யூஎம்மை எடுத்துவிடுவதும் உண்டு. ஒருமுறை கையெழுத்துப் போட்டால், அதே கம்பெனியில் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த மறுப்பு தொடரும். திரும்பக் கேட்க மாட்டார்கள். நீங்களாகத்தான் எழுதிக் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

படி 2: எவ்வளவு எடுப்பது? (பலர் இடறும் இடம்)

கலிஃபோர்னியாவில் யூஐஎம் என்பது மேலே கூடுதலாக வரும் பணம் அல்ல. உங்கள் யூஐஎம் வரம்பிலிருந்து, இடித்தவரின் கம்பெனி தந்ததைக் கழித்துவிட்டு மீதியைத்தான் தருவார்கள். கணக்காகப் பார்த்தால் புரியும்.

உங்கள் இழப்பு 1,80,000 டாலர். ஆஸ்பத்திரிச் செலவு, போன சம்பளம், வலி எல்லாம் சேர்த்து. இடித்தவரிடம் 30/60. உங்களிடமும் யூஐஎம் 30/60. அவர் கம்பெனி 30,000 தரும். உங்கள் 30,000-இல் அதைக் கழித்தால் பூஜ்யம். வருடக்கணக்கில் ப்ரீமியம் கட்டியும் யூஐஎம்மில் ஒரு டாலர்கூட வராது. இதே விபத்தில் உங்களிடம் 100/300 இருந்தால் 70,000 வரும், மொத்தம் 1,00,000. 250/500 இருந்தால் முழு இழப்பும் ஈடாகும்.

டெக்சாஸில் கணக்கு வேறு. அங்கே இடித்தவர் தந்ததை உங்கள் மொத்த இழப்பிலிருந்து கழிப்பார்கள், உங்கள் வரம்பிலிருந்து அல்ல. அதனால் அதே 100/300-க்கு 30,000-உம் 1,00,000-உம் சேர்த்து 1,30,000 கிடைக்கும். டெக்சாஸின் டாலஸிலிருந்து கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட்டுக்கு மாறி, பழைய எண்களையே வைத்துக்கொள்பவர்கள் கவனிக்க.

ஆக, கலிஃபோர்னியாவில் குறைந்தபட்ச அளவில் எடுத்தால், பெரும்பாலும் இன்ஷூரன்ஸே இல்லாதவரோ இடித்துவிட்டு ஓடுபவரோ இடிக்கும்போதுதான் உதவும். என் சிபாரிசு 250/500. முடியாவிட்டால் 100/300. அதற்குக் கீழே இறங்க வேண்டாம். பொதுவாக உங்கள் சொந்த பாடிலி இஞ்சுரி வரம்பைத் தாண்டி யூஎம் எடுக்க விட மாட்டார்கள். டிராப்-டவுனில் பெரிய எண் வராவிட்டால் முதலில் லயபிலிட்டியை ஏற்றுங்கள், பிறகு யூஎம்மை ஏற்றுங்கள். ப்ரீமியம் அதிகமாகத் தெரிந்தால், கொலிஷன் (உங்கள் கார் மோதிச் சேதமானால் அதன் செலவுக்கான பாதுகாப்பு) டிடக்டிபிளை, அதாவது அந்தச் செலவில் முதலில் நீங்கள் கையிலிருந்து போடும் தொகையை, 500-இலிருந்து 1,000 ஆக்கிப் பாருங்கள். பம்பர் செலவைக் கையிலிருந்து கொடுத்துவிடலாம். அம்ப்ரெல்லா பாலிசி (மற்ற பாலிசிகளின் லயபிலிட்டி வரம்புக்கு மேல் கூடுதலாக எடுப்பது) இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். தனியாக எண்டார்ஸ்மெண்ட் (பாலிசியோடு சேர்க்கும் இணைப்பு) வாங்காவிட்டால் பெரும்பாலானவை யூஎம்மைச் சேர்ப்பதில்லை.

மாற்றியபின் புதிய டிக்ளரேஷன்ஸ் பேஜ் கைக்கு வந்து, எண்ணைக் கண்ணால் பார்த்தால்தான் வேலை முடிந்தது. போனில் ‘சேத்துட்டோம்’ என்று சொன்னதை நம்ப வேண்டாம். மெயில் அனுப்புங்கள்.

படி 3: கார் சேதம்

இது சின்ன விஷயம். கொலிஷன் இருந்தால் கார் செலவு அதில் போகும். கலிஃபோர்னியாவில் ‘கொலிஷன் டிடக்டிபிள் வேவர்’ சேர்த்துக்கொண்டால், இன்ஷூரன்ஸ் இல்லாதவர் இடிக்கும்போது டிடக்டிபிள் மிச்சம். கொலிஷன் இல்லாத பழைய காருக்கு யூஎம் பிராப்பர்ட்டி டேமேஜ் உண்டு, ஆனால் உச்சம் 3,500 டாலர். இடித்த வண்டியோ ஓட்டியவரோ யாரென்று தெரியவும் வேண்டும்.

படி 4: விபத்து நடந்தபின்

இடித்தவர் ஓடிவிட்டால், கலிஃபோர்னியாவில் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் சொல்ல வேண்டும், 30 நாளுக்குள் கம்பெனிக்குச் சத்தியப்பிரமாண வாக்குமூலம் தர வேண்டும். ‘லேசாத்தானே பட்டிருக்கு’ என்று வீட்டுக்குப் போய், மூன்றாம் நாள் கழுத்து வலி வந்து கூப்பிட்டால் க்ளெய்ம் சிக்கலாகும். இன்னொன்று: அந்த வண்டி உங்கள் மீதோ உங்கள் வண்டி மீதோ உரசியிருக்க வேண்டும். குறுக்கே வந்தவனைத் தவிர்க்கப்போய் நீங்கள் தடுப்பில் இடித்தால் யூஎம் வராது. டெக்சாஸிலும் தொடுதல் நிபந்தனை உண்டு. முன்னும் பின்னும் டேஷ்கேம் இருந்தால் நம்பர் பிளேட்டாவது சிக்கும்.

இடித்தவருடைய கம்பெனியின் அட்ஜஸ்டர் (க்ளெய்மைக் கையாளும் ஊழியர்) செக்கோடு ரிலீஸ் படிவமும், அதாவது இனி எதுவும் கேட்க மாட்டேன் என்று எழுதித் தரும் படிவமும், அனுப்புவார். உங்கள் கம்பெனிக்கு எழுதி அனுமதி கேட்டு, எழுத்தில் பதில் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். அனுமதியில்லாமல் செட்டில் செய்ததைக் காட்டி உங்கள் க்ளெய்மையே மறுக்கலாம். யூஐஎம்முக்கு, அவருடைய வரம்பு முழுதும் தீர்ந்ததற்கான ஆதாரமும் கேட்பார்கள். செக் நகல், அவருடைய டிக்ளரேஷன்ஸ் பேஜ் இரண்டையும் வாங்கி வையுங்கள்.

அடிக்கடி வரும் இரண்டு கேள்விகள்

ஆபீஸ் ஹெல்த் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே? அது வைத்தியச் செலவுக்கு மட்டும். நின்றுபோன சம்பளத்துக்கும் வலிக்கும் தராது. கொடுத்ததையும் உங்கள் செட்டில்மெண்டிலிருந்து திரும்பக் கேட்கும்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா? உங்கள் காரில் உட்கார்ந்திருக்கும்போது பயணிகளாக யூஎம்மில் வருவார்கள். நடந்து போகும்போது இடிபட்டால் கதை வேறு. பாலிசிதாரர், அவர் துணை, அதே வீட்டில் வசிக்கும் உறவினர் ஆகியோருக்குத்தான் நடக்கும்போதும் சைக்கிளில் போகும்போதும் பாதுகாப்பு. ஆறு மாத விசாவில் வந்தவரை ‘வசிப்பவர்’ என்று ஏற்பார்களா என்பதில்தான் தகராறு வரும். அவர்கள் விமானம் ஏறுமுன் கம்பெனியிடம் மெயிலில் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். விசிட்டர் இன்ஷூரன்ஸையும் விட்டுவிடாதீர்கள்.

கலிஃபோர்னியாவில் யூஎம் க்ளெய்முக்கு விபத்து நாளிலிருந்து இரண்டு ஆண்டுதான் கெடு. அதற்குள் செட்டில் ஆக வேண்டும், அல்லது இடித்தவர் மீது வழக்குப் போட வேண்டும், அல்லது சர்ட்டிஃபைடு மெயிலில், ரிட்டர்ன் ரசீதுடன், ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்கு வெளியே நடுவர் தீர்ப்பு) கேட்டு உங்கள் கம்பெனிக்கு முறைப்படி எழுத வேண்டும். அட்ஜஸ்டரோடு நல்லபடியாகப் பேச்சு நடக்கிறது என்பதால் மட்டும் கெடு நிற்காது. பதினெட்டாம் மாதத்துக்கு காலண்டரில் ஒரு அலாரம் வைத்து, அதற்குள் முடியாவிட்டால் வக்கீலைப் பாருங்கள்.