பெரிய முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி பைபிள்ல நெகேமியா 1, 2 அதிகாரம் படிங்க

வேலை மாறணுமா, பொண்ணுக்கு இந்த வரனை பேசி முடிக்கலாமான்னு குழப்பமா இருக்கறப்ப கண்ண மூடிட்டு வேதத்தை திறந்து கண்ல பட்ட வசனத்தை வச்சு முடிவு பண்ணாதீங்க ப்ளீஸ். பாரசீக ராஜாகிட்ட வேலை பார்த்த யூதரான நெகேமியா, எருசலேம் அலங்கம் (நகர மதில்) இடிஞ்சு கிடக்குன்னு யூத காலண்டர்ல கிஸ்லேவு மாசம் கேள்விப்பட்டு அழுது உபவாசம் இருந்து ஜெபிச்சாரு, ஆனா அதைத் திரும்பக் கட்டப் போகணும்னு ராஜாகிட்ட வாயத் திறந்தது நிசான் மாசம்தான், கிட்டத்தட்ட 4 மாசம் கழிச்சு! அப்பவும் மனசுக்குள்ள ஒரு ஜெபம் பண்ணிட்டுதான் பேசறாரு, ராஜா கேட்டதும் எவ்ளோ நாள் ஆகும், யாருக்கு லெட்டர் வேணும், மரம் யார்கிட்ட வாங்கணும்னு எல்லாத்துக்கும் பதில் ரெடி. அதனால ஒரு நோட்டுல தேதி போட்டு ஜெபத்தையும் விசாரிச்ச விவரத்தையும் சேர்த்தே எழுதுங்க. விசுவாசத்துல மூத்தவங்க ரெண்டு பேர்கிட்ட, முக்கியமா உங்களுக்கு "வேணாம்"னு சொல்லத் தயங்காதவங்ககிட்ட, அந்த நோட்டை காட்டுங்க.