பேரு வைக்கறதுக்கு முன்னாடி உங்க ஊரு வோட்டர் லிஸ்ட்ட எடுத்துப் படிங்க

எங்க தர்மபுரி பக்கம் புள்ள பொறந்ததும் ஜோசியர்கிட்ட போயி நட்சத்திர எழுத்து வாங்கிட்டு வந்துடறாங்க, அப்பறம் ஃபோன்ல ஒரு ஆப்ப தொறந்து அந்த எழுத்துல வர்ற பேரா தள்ளித் தள்ளிப் பாக்கறாங்க. ரோகிணின்னா ஓ, வ, வி, வு. அதே ஆப்பு அதே எழுத்துக்கு பக்கத்து தெருவுல இருக்கறவங்களுக்கும் அதே பேரத்தான் காட்டும், அதனாலதான் பால்வாடில போயி நின்னா எல்லா பேரும் ஒரே மாதிரி காதுல விழுது. ஜோசியம் பாருங்க, வேணாம்னு சொல்லல. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வேல இருக்கு. உங்க ஊர்ல பேரு எப்படி மாறி மாறி வந்திருக்குன்னு பாருங்க, அப்பதான் நீங்க வைக்கப் போற பேரு இன்னும் இருபது வருஷம் கழிச்சு எப்படி இருக்கும்னு ஒரு கணக்கு கிடைக்கும்.

அதுக்கு சரியான இடம் வோட்டர் லிஸ்ட். மாநில தேர்தல் அதிகாரியோட வெப்சைட்ல மாவட்டம், தொகுதி (பென்னாகரம், பாலக்கோடு, அரூர், ஊத்தங்கரை, தளி, எதுவோ அது), அப்பறம் உங்க பூத்தோட பாகம் எண் பாத்து டவுன்லோட் பண்ணிக்கலாம். ஒவ்வொருத்தருக்கும் பேரு, அப்பா இல்லன்னா வீட்டுக்காரர் பேரு, வயசு எல்லாம் இருக்கும். இதுல முக்கியமானது அந்த அப்பா பேருதான், ஏன்னா எழுபத்தஞ்சு வயசு பெரியவரோட அப்பா பேரு கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்னாடி வெச்ச பேரு. ஒரே லிஸ்ட்ல நாலு தலைமுறை வந்துடுது. ஒரு நோட்ட எடுத்து அறுபதுக்கு மேல, நாப்பதுல இருந்து அறுபது, இருபத்தஞ்சுல இருந்து நாப்பது, அதுக்கு கீழன்னு நாலா பிரிச்சு எழுதுங்க. லிஸ்ட்ல வராத சின்னப் புள்ளைங்களுக்கு அங்கன்வாடி டீச்சர கேளுங்க, பேரு மட்டும் கேட்டா போதும். எழுதினத யாருக்கும் ஃபார்வேர்ட் பண்ணாதீங்க, அது மத்தவங்க வீட்டு விவரம்.

எழுதறப்ப பேர மட்டும் பாக்காதீங்க, பேரு எப்படி முடியுதுன்னு பாருங்க. பேரு மாறறதுக்கு முன்னாடி அந்த கடைசி சத்தம்தான் மாறும்.

அறுபதுக்கு மேல போனீங்கன்னா முனியப்பன், மாதையன், மாதம்மாள், பச்சியம்மாள், மாரியப்பன், சென்றாயன், தீர்த்தகிரி, வேடியப்பன். எல்லாமே சாமி, அதுவும் நம்ம கண்ணுக்கு எட்டுற தூரத்துல இருக்கற சாமி. தீர்த்தகிரின்னா தீர்த்தமலை ஈஸ்வரன், மாதையன் மாதம்மான்னா மாதேஸ்வரன் மலை, வேடியப்பன்னா நம்ம பக்கம் நடுகல்லயே சாமியா கும்புடறோமே அவரு. ஒகேனக்கல் பக்கம் காவேரின்னு ஆம்பளைங்களுக்கும் பேரு இருக்கும். ஓசூர், தளி பக்கம் போனா தெலுங்கு கன்னடம் பேசற வீடு நெறைய, அங்க முனிராஜ், நாராயணப்பா, எல்லம்மான்னு வேற மாதிரி வரும், அதனால சென்னைக்காரங்க எழுதற பேரு லிஸ்ட்ட வெச்சுகிட்டு நம்ம ஊர அளக்க முடியாது. அந்த வயசுல குப்பன், குப்பம்மா, பிச்சைன்னும் பாப்பீங்க. முன்னாடி பொறந்த புள்ளைங்க தங்காம போனா அடுத்தத எமன் கண்ணுல படாம இருக்க அப்படி வெச்சாங்க. பிரசவத்துலயும் அம்மையிலயும் புள்ளைங்கள பறிகொடுத்த காலம் அது, ஆஸ்பத்திரியும் தடுப்பூசியும் வந்ததும் அந்தப் பேருக்கு வேல இல்லாம போச்சு.

அதுக்கு அடுத்தது அன்பழகன், இளங்கோவன், தமிழ்ச்செல்வி, மலர்க்கொடி, பூங்கொடி. இது தனித்தமிழ் இயக்கமும் திராவிட இயக்கமும் கொண்டு வந்தது. வேதாசலம் மறைமலை அடிகள் ஆனாரு, நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனாரு, ராமையா அன்பழகன் ஆனாரு, அதப் பாத்து ஊர்ல வாத்தியாருங்களும் கட்சிக்காரங்களும் அவங்க புள்ளைங்களுக்கு வெச்சாங்க. மெட்ராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆனது 1969 ஜனவரி 14, அதுக்கு முன்ன பின்ன பொறந்தவங்கள லிஸ்ட்ல பாருங்க, செல்வியும் செல்வனும் வரிசையா நிக்கும். தலைவர் பேரும் அப்படித்தான். காமராஜ், நேரு, இந்திரா எல்லாம் இருக்கும், 1953 மார்ச்ல சோவியத் ஸ்டாலின் செத்தப்ப கருணாநிதி தன் பையனுக்கு அந்தப் பேர வெச்சதும் அதே காத்துதான்.

அப்பறம் ரமேஷ், சுரேஷ், குமார், கவிதா, சங்கீதா, அனிதா. அதுக்கப்பறம் விக்னேஷ், தினேஷ், திவ்யா, சௌமியா. இத எல்லாம் நான் சொல்லவே வேணாம், நீங்களே அந்த வயசா இருப்பீங்க. இப்ப தர்ஷினி, யாழினி, ஹரிணி, கனிஷ்கா, ரித்விக், கவின், மகிழன்.

ஒரு பேரு ஏன் விழுதுன்னு கேட்டீங்கன்னா, நெறைய ஆகறதுதான் காரணம். ஒரு கிளாஸ்ல நாலு ரமேஷ் இருந்து இனிஷியல் சேத்து கூப்புட வேண்டி வந்தா, அந்த ரமேஷ் தன் பையனுக்கு அந்த மாதிரி சத்தம் வர்ற பேர வைக்கவே மாட்டாரு. அமெரிக்கால 1880ல இருந்து பொறந்தவங்க பேர அரசாங்கமே வருஷா வருஷம் கணக்கா போட்டு வெச்சிருக்கு, அதுல 1970ல இருந்து 1984 வரைக்கும் பொண்ணு பேர்ல ஜெனிஃபர்தான் முதல் இடம், அதுக்கப்பறம் எறங்கிடுச்சு. சினிமாவோ சீரியலோ ஒரு பேர தூக்கி விடலாம், ஆனா ஏற்கனவே புடிச்சுப் போன சத்தமா இருந்தாதான் அது ஊருக்குள்ள ஒட்டும்.

இன்னொரு காரணமும் இருக்கு, அத மறைக்காம சொல்லணும். பழைய பேர்ல பாதி ஜாதியையும் வசதியையும் காட்டிக் குடுத்துச்சு. ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் எடுக்கறப்ப முனியம்மா, குப்பன்னு கூப்புட்டதும் பின்னாடி சிரிச்சாங்களே, அந்த சிரிப்பு பட்டவங்க தன் புள்ளைக்கு அந்த வழியே வேணாம்னு சமஸ்கிருதத்துக்கும் வடக்கத்தி பேருக்கும் போனாங்க. அவங்கள குத்தம் சொல்ல எனக்கு மனசு வராது. தமிழ்ப் பேரு வைக்கலன்னு திட்டறவங்க இத ஒரு நிமிஷம் யோசிக்கணும்.

இப்ப பழைய பேரு திரும்புதுன்னு சொல்றாங்க இல்ல, அது எந்தப் பழசுன்னு கவனிங்க. பாட்டி பேரு திரும்பல, பாட்டிய தாண்டி ரெண்டாயிரம் வருஷம் பின்னாடி போயி சங்க காலத்துல இருந்து எடுக்கறாங்க. அதியன், கபிலன் மாதிரி. ஏன்னா மாதம்மாங்கற பேரு இன்னும் நூறு நாள் வேலைக்கு போற கிழவிங்க மேல உக்காந்திருக்கு, அந்தப் பேரு புதுசா கேக்கணும்னா அந்தத் தலைமுறை போயி இன்னும் கொஞ்ச காலம் ஆகணும். அது வரைக்கும் காத்திருக்க வேணாங்கறது என் கருத்து. பாட்டி பேரோட முன்பகுதிய மட்டும் எடுங்க, முடிவ மாத்துங்க. மாதையன் மாதேஷ் ஆனது அப்படித்தான், தீர்த்தகிரி தீர்த்தன் ஆகலாம். குலசாமியும் உள்ள இருக்கு, பையன் ஸ்கூல்லயும் தல நிமிந்து நிப்பான்.

நம்ம மண்ணுக்குன்னே ஒரு பேரும் சொல்றேன். தகடூர் (நம்ம தர்மபுரியோட பழைய பேரு) அதியமான எல்லாருக்கும் தெரியும், ஔவைக்கு நெல்லிக்கனி குடுத்தவரு, அவரு பேரு அஞ்சி. திருக்கோவிலூர் பக்கம் ஜம்பைல தமிழ் பிராமிங்கற பழைய எழுத்துல இருக்கற கல்வெட்டுலயே அதியன் நெடுமான் அஞ்சின்னு இருக்கு. அவரு பையன் பேரு பொகுட்டெழினி. எழினின்னு சொல்லிப் பாருங்க, யாழினி கூட சேந்துக்கும், ஆனா ஆப்ப தொறந்த எல்லாரும் வைக்கற பேரு இல்ல. சங்கப் பாட்டுல அது ஆம்பள பேரு, இப்ப யாருக்கு வெச்சாலும் நல்லாதான் இருக்கும்.

பேர முடிவு பண்றதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாத்துக்கோங்க. அங்கன்வாடி லிஸ்ட்ல அதே முடிவுல எத்தன பேரு இருக்குன்னு எண்ணுங்க, பாதிக்கு மேல ஸ்ரீயோ இகாவோ வந்தா வேற பக்கம் போங்க. அப்பறம் வீட்டுல எழுதப் படிக்கத் தெரியாத பெரியவங்க யாராவது இருந்தா கூப்புட சொல்லுங்க, அவங்க வாய்ல அது எப்படி சுருங்குதோ அதுதான் தெருவுல நெலைக்கப் போற பேரு. புடிக்கலன்னா இப்பவே மாத்திக்கலாம். கடைசியா அப்பா பேரோட சேத்து இங்கிலீஷ்ல எழுதிப் பாருங்க, பாஸ்போர்ட்ல பெரும்பாலும் அப்பா பேருதான் கடைசிப் பேரா போகும், ரெண்டும் சேந்து ரயில் மாதிரி நீண்டா புள்ள ஃபாரம் நிரப்பறப்ப கஷ்டப்படும்.

அவசரமும் படாதீங்க. பொறப்ப 21 நாளுக்குள்ள பதியணும், ஆனா பேரு இல்லாமலே பதியலாம். அப்பறம் 12 மாசத்துக்குள்ள கட்டணம் இல்லாம பேர சேத்துக்கலாம், அதுக்கு மேல 15 வருஷம் வரைக்கும் தாமதக் கட்டணம் கட்டி சேக்கலாம். ஆனா 2023 அக்டோபர் 1க்கு அப்பறம் பொறந்த புள்ளைங்களுக்கு ஸ்கூல் அட்மிஷன்ல இருந்து பாஸ்போர்ட் வரைக்கும் பொறந்த தேதிக்கு பர்த் சர்டிஃபிகேட்தான் ஆதாரம், அதனால ஸ்கூல் சேக்கற வரைக்கும் இழுக்காதீங்க. நியூமராலஜிக்காரரு எழுத்து கூட்டச் சொன்னா சர்டிஃபிகேட் வாங்கறதுக்கு முன்னாடியே கூட்டிக்கோங்க, சர்டிஃபிகேட்ல ஒண்ணு ஆதார்ல ஒண்ணுன்னு வந்துட்டா அப்பறம் அரசிதழ்ல பேரு மாத்தற வரைக்கும் அலையணும்.