வீடு தேடிச் செல்லும் செவிலியர் இரத்த அழுத்தம் பார்க்கும் முறை

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடுகளுக்குச் செல்லும் செவிலியர், மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுக்க முதலில் செய்ய வேண்டியது இரத்த அழுத்தத்தைச் சரியாக அளப்பதே. வேலையிலிருந்து எழுந்து வந்தவரை, முதுகு சாய்ந்து பாதங்கள் தரையில் படியும்படி ஐந்து நிமிடம் பேசாமல் அமரச் செய்து, கையை நெஞ்சு மட்டத்தில் தாங்கி, சட்டைக் கையின் மேல் அல்லாமல் வெறும் தோலில் பட்டையைச் சுற்றி, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளக்க வேண்டும். காப்பி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். நாம் போகும் நேரத்தில்தான் பெரும்பாலும் டம்ளர் கையில் இருக்கும். அளவு 140/90-ஐத் தொட்டாலே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

"மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் "ஆமாம்" என்றே பதில் வரும், ஆகவே மாத்திரை அட்டையை வாங்கி, மீதமுள்ளவற்றை எண்ணிப் பாருங்கள். பக்கவாதத்தின் அறிகுறிகளான வாய் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே 108-ஐ அழைக்கும்படி வீட்டாரிடம் சொல்லிவையுங்கள்.