சோளக் குருத்தில் புழு வருமுன்: உரமும் மழையும் பார்த்துப் பயிரிடும் முறை

பினாங்கில் வீட்டுக்குப் பின்னால் இருபது செடி மக்காச்சோளம் போட நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். விதை எளிது, உரத்தை எப்போது, எவ்வளவு இடுவது என்பதில்தான் பயிரே இருக்கிறது.

முதலில் காலத்தைப் பாருங்கள். இங்கே செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை கொட்டும். அப்போது பூஞ்சை நோய்கள் மிகும். ஜனவரி, பிப்ரவரியில் வறண்டிருக்கும். சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியும், குருத்தைத் தின்னும் படைப்புழுவும் பெருகும். குருத்தில் தேங்கும் மழைநீரில் இளம்புழுக்கள் பல மூழ்கிச் சாகும். வறட்சியில் அந்தக் காவல் இல்லை.

அடியுரமாக நன்கு மக்கிய கோழி எரு போதும்.

அடுத்தது யூரியா. இதில் 46 விழுக்காடு தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். என் முதல் பயிருக்கு மொத்தத்தையும் ஒரே நாளில் இட்டேன். ஒரு வாரத்தில் இலைகள் கரும்பச்சையாகத் தளதளவென்று நின்றன. அடுத்த வாரம் குருத்தெல்லாம் புழு. தழைச்சத்து மிகுந்தால் இலை மென்மையாகிச் சாறு கூடும். புழுவுக்கு அதுதான் விருந்து. அடர்ந்த இலைகளுக்குள் ஈரமும் காயாது. ஆகவே செடிக்கு அரைத் தேக்கரண்டி வீதம், முழங்கால் உயரத்தில் ஒரு முறை, ஆண்பூ வருமுன் ஒரு முறை, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி இட்டு மண்ணால் மூடுங்கள். வானம் கறுத்திருந்தால் இடவே வேண்டாம். பெருமழை அதைக் கரைத்துக்கொண்டு போய்விடும். சாம்பல்சத்து தரும் பொட்டாஷ் உரத்தை மறந்துவிடாதீர்கள், அது குறைந்தால் தண்டு வலுவிழந்து அழுகும், காற்றில் சாயும்.

முளைத்த பத்தாம் நாளிலிருந்து காலையில் குருத்தை விரித்துப் பாருங்கள். மரத்தூள் போன்ற எச்சம் இருந்தால் உள்ளே புழு இருக்கிறது. தலையில் தலைகீழ் ‘ஒய்’ வடிவக் கோடு, வால்பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள் என்றால் அது படைப்புழு. கையால் எடுத்துச் சோப்பு நீரில் போடுங்கள். இலையில் ரோமம் போர்த்திய முட்டைக் குவியல் தெரிந்தால் அப்போதே நசுக்கிவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் பொரித்துவிடும்.

மாலையில் இலைமேல் நீர் ஊற்றாதீர்கள்; இரவெல்லாம் நனைந்த இலையில்தான் அடிச்சாம்பல் நோய் பரவுகிறது. விடியற்காலையில் வெளிறிய இலையின் அடியில் வெண்மையாகப் பூத்திருந்தால் அந்தச் செடியை வேரோடு பிடுங்கி, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். மனம் வராதுதான். எனக்கும் வரவில்லை, இரண்டு நாள் தள்ளிப்போட்டதில் பக்கத்துச் செடிகள் நான்கும் போயின.