கட்டி கீறும்போது மரப்பு ஊசியில் நேரும் தவறுகள்

"ஊசி போட்டும் உயிரு போச்சு" என்று கட்டி கீறிக்கொண்டவர்கள் சொல்வதைக் கேட்டே, குளச்சலிலும் மார்த்தாண்டத்திலும் சிலர் ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமல் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசி நாளைக் கடத்துகிறார்கள். சுண்ணாம்பு மேல்தோலைப் புண்ணாக்கிவிடும். உள்ளே சலம் (சீழ்) அப்படியேதான் கிடக்கும். ஆனால் அந்த வலிக் கதை பொய்யில்லை. மரக்கச் செய்யும் லிக்னோகெயின் நரம்புக்குள் நுழைய, சுற்றியுள்ள சதையில் அமிலம் குறைவாக இருக்க வேண்டும். சலம் கட்டிய இடத்தில் அமிலம் கூடுதல். அதனால் நல்ல மருந்தும் அங்கே அரைகுறையாகத்தான் வேலை செய்யும்.

ஆகவே ஊசியைக் கட்டிக்குள்ளேயே ஏற்றுவதுதான் முதல் தவறு. விம்மி நிற்கும் பைக்குள் இன்னும் திரவம் போனால் அழுத்தம் ஏறி வலி கூடும். சமயத்தில் சலம் பீச்சியடிக்கும். சிவப்பு முடிகிற இடத்துக்கு வெளியே, நல்ல தோலில், வேலி கட்டுவதுபோலச் சுற்றிப் போட வேண்டும். கத்தி போகும் கோட்டிலும் மேல்தோலுக்குள் மெல்லிய ஊசியால் கொஞ்சம் போடலாம். அப்புறம் ஐந்து நிமிடமாவது காத்திருக்க வேண்டும். கூட்டம் அலைமோதும் ஓ.பி.யில் முதலில் பறிபோவது இந்த ஐந்து நிமிடம்தான். கிள்ளிப் பார்க்கும்போது வலித்தால் சொல்லிவிடுங்கள், பல்லைக் கடித்துப் பொறுக்க வேண்டியதில்லை.

மரக்கவில்லை என்று மருந்தை ஏற்றிக்கொண்டே போவதும் ஆபத்து. ரத்தக் குழாயைச் சுருக்கச் சேர்க்கும் அட்ரினலின் கலக்காத லிக்னோகெயினுக்கு எல்லை கிலோவுக்கு 4.5 மி.கி. 2 சதவீத மருந்தில் ஒரு மில்லியில் 20 மி.கி. இருக்கிறது. 50 கிலோ ஆளுக்கு 11 மில்லி. 10 கிலோ குழந்தைக்கு இரண்டே கால் மில்லியைத் தாண்டக் கூடாது. இடம் பெரிதென்றால் சலைன் கலந்து 1 சதவீதமாக்கினால் அதே மருந்து இரு மடங்கு இடத்துக்கு வரும். உதடு மரத்து, காது இரைந்து, வாயில் உலோகச் சுவை தட்டினால் மருந்து மிஞ்சிவிட்டதற்கு அடையாளம், உடனே வாய் திறந்து சொல்ல வேண்டும்.

முன்பு பல் பிடுங்கியபோது படபடப்பு வந்ததை வைத்து "எனக்கு இந்த ஊசி அலர்ஜி" என்பார்கள். அது பெரும்பாலும் அந்த ஊசியில் கலந்த அட்ரினலினின் வேலை. உண்மையான அலர்ஜி அபூர்வம். நடந்ததை அப்படியே டாக்டரிடம் சொன்னால் போதும். சர்க்கரை, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, இதய நோய் ஆகியவற்றை மறைக்கக் கூடாது.

மரக்கும் கிரீமுக்கு ஒரு மணி நேரம் வேண்டும், அதுவும் மேல்தோல் மட்டுமே மரக்கும். குளிர் ஸ்பிரே சில நொடிகள்தான் தாங்கும். மீன்முள் குத்திப் பழுத்த விரலென்றால் விரலின் அடியில் இரு பக்கமும் ஊசி போடுவார்கள். ஆசனவாயருகே ஆழமாக இருக்கும் கட்டியை ஓ.பி.யிலேயே கீறச் சொல்லி அடம்பிடிக்காதீர்கள், அது தியேட்டரில் மயக்கம் கொடுத்துச் செய்யும் வேலை.

கீறிய பிறகு விரலோ கருவியோ விட்டு உள்ளறைகளை உடைக்கும்போது, நன்றாக மரத்தவருக்கும் வலி தெரியும். வலி மாத்திரையை அரை மணி முன்பே கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் உள்ளே வைத்த துணியை உருவ வரும்போதும் அப்படியே.